தீம் பார்க்குக்கு 10 வருஷம் வரி விலக்கு: குறைவது யாருடைய பணம்? முழு விளக்கம்

செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. 64 ஏக்கர் பரப்பு, சுமார் 611 கோடி ரூபாய் முதலீடு. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வரைத் தொடர்ந்து அந்த நிறுவனத்துக்கு இது ஐந்தாவது பூங்கா.

இந்தத் திட்டம் பல வருஷம் இழுத்ததற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு வரி. அதிலிருந்து 10 ஆண்டுகளுக்குத் தமிழக அரசு விலக்கு கொடுத்த பிறகுதான் வேலை வேகம் எடுத்தது. அது என்ன வரி? விலக்கு கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? பார்க்கலாம்.

அது என்ன வரி?

உள்ளாட்சி கேளிக்கை வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய வரிகள் பலவும் அதற்குள் போய்விட்டன. கேளிக்கை வரி மட்டும் முழுசாகப் போகவில்லை. 101-வது அரசியல் சாசனத் திருத்தம், கேளிக்கைக்கு வரி போடும் அதிகாரத்தை ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகள் வசூலிக்கும் அளவுக்கு மட்டும் விட்டுவைத்தது. அதன்படி தமிழ்நாடு 2017-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பூங்காக்களுக்கு இந்த வரி 10 சதவீதம்.

அதாவது, இது ஊருக்கென்று சட்டம் ஒதுக்கிய வருமானம். ஆனால் விலக்கு கொடுக்கிற அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. சிக்கலே இங்கேதான்.

1,000 ரூபாய் டிக்கெட்டில் யாருக்கு எவ்வளவு?

உதாரணத்துக்கு, அடிப்படைக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீம் பார்க் நுழைவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முதலில் 28 ஆக இருந்தது, 2018 ஜனவரியில் குறைக்கப்பட்டது. அப்போ ஜி.எஸ்.டி. 180 ரூபாய். இதில் மத்திய அரசுக்கு 90, மாநில அரசுக்கு 90.

உள்ளாட்சிக்கு வரவேண்டிய 10 சதவீதம், அதாவது 100 ரூபாய்? விலக்கு இருப்பதால் பூஜ்யம். சலுகையை அறிவித்த மாநில அரசின் 90 ரூபாய் அப்படியேதான் இருக்கு. குறைந்தது ஊரின் பங்கு.

அரசு ஏன் கொடுக்குது?

இதற்கும் நியாயம் உண்டு. பூங்காவே வரவில்லை என்றால் 10 சதவீதமும் கிடையாது, வேலையும் கிடையாது. ஜி.எஸ்.டி.யோடு இன்னொரு வரியும் சேர்ந்தால் டிக்கெட் விலை ஏறும், கூட்டம் குறையும் என்பது தொழில் தரப்பின் வாதம். சொத்து வரி, தொழில் வரி எல்லாம் தனிக் கணக்கு. கேளிக்கை வரி விலக்கு அவற்றைத் தொடாது.

ஆனால் பூங்கா வந்தால் ரோடு, குப்பை, தண்ணீர், போக்குவரத்து நெரிசல் என்று செலவும் சேர்ந்தே வரும். அதில் பெரும் பகுதி உள்ளாட்சியின் தலையில்தான் விழும்.

அமெரிக்காவில் டிஸ்னிக்கு 'தனி அரசாங்கமே' கொடுத்தார்களாமே?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1967-ல் புளோரிடா மாநிலம், வால்ட் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் சுமார் 25,000 ஏக்கரை 'ரீடி க்ரீக்' என்ற சிறப்பு மாவட்டமாக அறிவித்தது. கட்டட அனுமதி, ரோடு, தீயணைப்பு, கடன் பத்திரம் வெளியிடுவது, வரி போடுவது எல்லாம் அந்த மாவட்டத்தின் கையில். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது நில உரிமையாளர்கள். நிலத்தில் பெரும் பகுதி டிஸ்னியுடையது.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ரோட்டுக்கும் தீயணைப்புக்கும் ஆன செலவை, மாவட்டத்துக்கு வரி கட்டி டிஸ்னிதான் ஏற்றது. 2022-ல் பள்ளிக் கல்வி தொடர்பான ஒரு சட்டத்தை டிஸ்னி எதிர்க்க, மாநில அரசு அந்த மாவட்டத்தைக் கலைக்க முடிவு செய்தது. சுமார் 100 கோடி டாலர் கடன் அக்கம்பக்கத்து மக்கள் தலையில் விழுமோ என்ற பயம் கிளம்பியது. கடைசியில் 2023-ல் கலைக்காமல், பெயரை மாற்றி, ஆளுநர் நியமிக்கும் குழுவிடம் ஒப்படைத்தார்கள்.

இந்தியாவில் இது நடக்குமா?

தீம் பார்க்குக்கு இப்படி ஒரு ஏற்பாடு இங்கே இல்லை. ஆனால் அரசியல் சாசனப் பிரிவு 243-கியூ-வில் 'தொழில் நகரியம்' என்று ஒன்று உண்டு. ஒரு தொழில் நிறுவனமே நகராட்சி சேவைகளைத் தரும் பகுதியில், நகராட்சி அமைக்காமல் விடலாம். டாடா ஸ்டீல் சேவை தரும் ஜாம்ஷெட்பூர் இதற்குத் தெரிந்த உதாரணம்.

நம்ம ஊருக்கு வந்தால்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ, தறி ஓடும் பொதட்டூர்பேட்டை பக்கமோ நாளைக்கு ஒரு பெரிய பூங்கா வரலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் நாலு:

* எந்த வரிக்கு விலக்கு, எத்தனை வருஷம்?
* உள்ளாட்சி இழக்கும் தொகையை மாநில அரசு ஈடுகட்டுமா?
* ரோடு, தண்ணீர், குப்பைச் செலவு யாருடையது?
* உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை, அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கா?

கிராம ஊராட்சி என்றால் இதைக் கிராம சபையிலேயே எழுப்பலாம். பொதட்டூர்பேட்டை மாதிரி பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுபோகலாம். அரசாணை வந்த பிறகு கேட்பதைவிட, வருவதற்கு முன்னாடி கேட்பதற்குத்தான் பலன் அதிகம்.