சல்லடை அறியாத மதீனாவும் வாற்கோதுமையும்

பெருமானார் (ஸல்) அவர்கள் வாழ்ந்த மதீனாவில் சல்லடை இருந்ததா? ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் பிற்காலத்தவர் ஒருவர் இவ்வாறு வினவினார். சலிக்காத வாற்கோதுமை மாவை எப்படித்தான் உண்டீர்கள் என்பது அவருடைய வியப்பு. அரைத்து ஊதுவோம், பறப்பது பறக்கும், எஞ்சியதை நனைத்து உண்போம் என்னும் கருத்தில் அத்தோழர் விடை பகர்ந்ததை ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். உமியிற் சிறிது காற்றோடு போயிற்று. தவிடு உணவோடு நின்றது.

நாம் பார்லி என வழங்கும் இத்தானியத்தை அரபியர் ‘ஷஈர்’ என்பர். மதீனாவில் எளியோரின் ரொட்டி இதுவே. கோதுமையின் அருமையை ஃபித்ராவின் வரலாறே காட்டும். பேரீச்சம்பழமாயினும் வாற்கோதுமையாயினும் தலைக்கு ஒரு ஸாஉ கொடுத்து வந்தனர். ஷாம் நாட்டுக் கோதுமையில் அரை ஸாஉ, பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாஉக்கு ஈடாகும் என முஆவியா (ரலி) அவர்கள் பின்னாளில் மிம்பரில் கூறினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களோ பழைய அளவையே கைக்கொண்டார்கள். ஹனஃபீ மத்ஹபில் கோதுமைக்கு அரை ஸாஉ என்பது இன்றும் நிற்கிறது.

அந்த வாற்கோதுமை ரொட்டியும் பெருமானாரின் குடும்பத்தார்க்குத் தொடர்ந்து இருநாள் வயிறு நிறையக் கிட்டியதில்லை என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அடகு வைத்த போர்க்கவசம் மீட்கப்படாமலிருக்கவே அண்ணலார் மறைந்தார்கள். இதனையெல்லாம் உடல்நலத் திட்டம்போல் எழுதுவோர் உளர். நாம் உடன்படோம். அது பசி; பசியைப் பத்தியம் என்று பெயர் மாற்றுதல் வரலாற்றுக்கு நேர்மையன்று.

மருந்தென்று சொல்லத்தக்கது ‘தல்பீனா’. வாற்கோதுமை மாவைக் காய்ச்சிய, பால்போன்ற கஞ்சி; பெயரும் பாலைக் குறிக்கும் ‘லபன்’ என்னும் சொல்லிலிருந்தே வந்தது. இழவு வீட்டில் கூடிய பெண்கள் கலைந்து சென்றபின், அன்னையார் இதனைக் காய்ச்சச் செய்வார்கள். நோயாளியின் நெஞ்சுக்கு இதமளிக்கும், துயரிற் சிறிதைப் போக்கும் என்பது நபிமொழி. ‘சிறிதை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சர்வரோக நிவாரணி என்னும் இக்கால விளம்பரத்துக்கு அங்கே இடமில்லை.

கிரேக்கரும் கடுங்காய்ச்சலுக்கு வாற்கோதுமைக் கஞ்சியே கொடுத்தனர். ஸாமர்ராவில் 857இல் மறைந்த மருத்துவர் இப்னு மாஸவைஹி வாற்கோதுமை நீருக்கெனத் தனி நூல் யாத்தார். 1350இல் மறைந்த திமிஷ்கின் இப்னுல் கய்யிம் நுட்பமான வேறுபாடு காட்டுகிறார்: நகர மருத்துவர் முழுமணியைக் காய்ச்சிய நீரை அது மென்மையானதென்று விரும்பினர், ஆனால் அரைத்த மாவிலேயே தானியத்தின் சத்து மிகுதியாக வெளிப்படும்.

இன்றைய ஆய்வு அச்சத்திற்கு ஒரு பெயர் தருகிறது: பீட்டா குளுக்கான். நீரிற் குழையும் இந்நார்ப்பொருள் குடலில் கூழ்போலாகிச் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் இரத்தக் கொழுப்பைக் குறைக்கிறது. இதய நோய் தொடர்பான இப்பயனை உணவுப் பொட்டலங்களில் குறிப்பிட அமெரிக்க அரசு 2006இல் இசைவளித்தது.

கடையில் நாம் வாங்கும் வெண்ணிறப் பார்லி தீட்டப்பட்டது. பீட்டா குளுக்கான் மணி முழுதும் பரவியிருப்பதால் அதிலும் பயனுண்டு; தவிட்டோடு சேர்ந்த சத்துகள் மட்டும் ஆலையிலேயே தங்கிவிடுகின்றன. கோதுமையைப்போல் இதிலும் குளூட்டன் உண்டு. ஆகவே சீலியாக் நோயுடையார்க்குப் பார்லிக் கஞ்சியும் ஆகாது, தல்பீனாவும் ஆகாது.