பால்போசிக்லிப்: ஆக்லாந்தில் பயன்பாடும் பாதுகாப்பும்

பால்போசிக்லிப், மார்பகப் புற்றுநோய்க்கு வாய்வழி எடுத்துக்கொள்ளும் இலக்குநோக்கு மருந்து. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 புரதம் மிகுந்திராத வகைப் புற்றுநோய் உடலின் மற்ற பகுதிகளுக்குப் பரவிய நிலையில் இது கொடுக்கப்படுகிறது. ஃபைசர் நிறுவனம் 'ஐப்ரான்ஸ்' என்ற பெயரில் விற்கிறது. நியூசிலாந்தில் 2020 ஏப்ரல் 1 முதல் அரசுச் செலவில் கிடைக்கிறது. இதைத் தனியாகக் கொடுப்பதில்லை. லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையோ ஃபுல்வெஸ்ட்ரான்ட் ஊசியோ துணைக்கு உண்டு. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்குச் சூலகத்தை அடக்கி வைக்கும் ஊசியும் சேரும்.

மருந்து வந்த வழி

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் ஒரு வாசலைக் கடந்தாக வேண்டும். சிடிகே-4, சிடிகே-6 என்னும் இரு நொதிகள் அந்த வாசலின் தாழ்ப்பாளை நீக்குகின்றன. செல் சுழற்சியின் இந்த விதிகளைக் கண்டறிந்ததற்காக லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் மூவரும் 2001இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். தாழ்ப்பாளை நீக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் பால்போசிக்லிப் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் ஆய்வகத்தில் உருவானது. அதே பார்க்-டேவிஸுடன் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் புற்றுநோய்ச் சங்க ஆய்வு மையமும் கைகோத்து உழைத்திருக்கிறது. அந்த மையத்தில் பில் டென்னியின் குழு செய்த வேலையில் கானெர்டினிப் என்ற வேறொரு வாய்வழி மருந்து பிறந்தது. அது சந்தைக்கு வரவில்லை. ஆனால் இத்தகைய மாத்திரைகளின் வேதியியலில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு என்பது இங்குள்ள நோயாளிகள் பலருக்குத் தெரியாத செய்தி.

அமெரிக்கா 2015 பிப்ரவரியில் பால்போசிக்லிப்புக்கு அனுமதி அளித்தது. 2016இல் வெளியான பலோமா-2 ஆய்வில் 666 பெண்கள் பங்கேற்றனர். லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களிடம் நோய் மீண்டும் முன்னேறாமல் நின்ற இடைநிலைக் காலம் 14.5 மாதம், பால்போசிக்லிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் 24.8 மாதம்.

நியூசிலாந்துப் பெண்களுக்கு அந்தப் பத்து மாதம் எளிதில் கிட்டவில்லை. எந்த மருந்துக்கு அரசு பணம் தரும் என்பதை 1993இல் தொடங்கப்பட்ட ஃபார்மாக் என்ற அமைப்பு, வரையறுத்த நிதிக்குள் நின்று முடிவு செய்கிறது. அதன் பட்டியலில் இல்லாத வரை மாதம் பல ஆயிரம் டாலர் கைக்காசு செலவழிக்க வேண்டியிருந்தது. நோய் பரவிய பெண்களே நாடாளுமன்றத்துக்கு மனுக்களோடு போனார்கள். ஒருவழியாக மருந்து பட்டியலில் ஏறிய 2020 ஏப்ரல் 1 அன்று, கொரோனா முடக்கத்தால் நாடே ஒரு வாரமாக வீட்டுக்குள் அடைந்திருந்தது. வெள்ளணுவைக் குறைக்கும் மருந்து, தொற்றுக்கு ஊரே அஞ்சியிருந்த அந்த வாரத்தில்தான் வீடு தேடி வந்தது. இதே இனத்தைச் சேர்ந்த ரிபோசிக்லிப் 2024இல் அரசுப் பட்டியலில் சேர்ந்தது.

இருபத்தொன்றும் ஏழும்

வழக்கமான தொடக்க அளவு நாளொன்றுக்கு 125 மில்லிகிராம் கொண்ட ஒரே மாத்திரை. 21 நாள் தொடர்ந்து எடுத்து 7 நாள் நிறுத்த வேண்டும். 28 நாள் சேர்ந்தது ஒரு சுற்று. கேட்பதற்கு எளிது, தவறு நடப்பதும் இங்கேதான். கூட எடுக்கும் லெட்ரோசோலுக்கு இடைவேளை கிடையாது. ஒன்றை நிறுத்தும் வாரத்தில் மற்றதையும் நிறுத்திவிடுபவர் உண்டு. 'மருந்தை விடக்கூடாது' என்ற நல்லெண்ணத்தில் இரண்டையும் 28 நாளும் விழுங்குபவரும் உண்டு. இரண்டாவது தவறு ஆபத்தானது. அந்த ஏழு நாளில்தான் எலும்பு மஜ்ஜை மூச்சு விட்டு வெள்ளணுக்களை மீண்டும் செய்துகொள்கிறது. மளிகைக் கடையில் கொடுக்கும் சுவர்க் காலண்டரில் முதல் நாளையும் 21ஆம் நாளையும் வட்டமிட்டு வைப்பது எந்தக் கைபேசி நினைவூட்டலுக்கும் குறைந்ததல்ல. வீட்டில் எல்லோர் கண்ணிலும் அது படும்.

ஒரு வேளை மறந்தாலும், விழுங்கியதை வாந்தி எடுத்தாலும், அன்றைக்கு மறுபடி போடக்கூடாது. மறுநாள் வழக்கமான நேரத்தில் அடுத்ததை எடுக்க வேண்டும். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உறை வடிவில் வரும் மருந்தைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். மாத்திரை வடிவத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வெள்ளணுக்களில் நியூட்ரோபில் வகை குறைவது இம்மருந்தின் முதன்மையான பக்கவிளைவு. பலோமா-2இல் மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அது கடுமையாகக் குறைந்தது. ஆனால் காய்ச்சலோடு கூடிய குறைவு வந்தவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கீமோதெரபி மஜ்ஜைச் செல்களைக் கொல்கிறது. பால்போசிக்லிப் அவற்றைப் பிரியவிடாமல் நிறுத்தி மட்டும் வைக்கிறது. அதனால் மருந்தை நிறுத்தியதும் எண்ணிக்கை விரைவில் மீள்கிறது. இதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தொடங்குமுன், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில், முதல் இரண்டு சுற்றுகளின் 15ஆம் நாளில் எனப் பரிசோதனை உண்டு. நியூட்ரோபில் லிட்டருக்கு 100 கோடி, அதாவது அறிக்கையில் 1.0 என அச்சாகும் அளவுக்குக் கீழே இருந்தால், புதிய சுற்றைத் தொடங்காமல் காத்திருக்கச் சொல்வார்கள். தேவைப்பட்டால் அளவு 100க்கும் பிறகு 75க்கும் இறங்கும். அளவைக் குறைத்தால் நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கலங்குவது வழக்கம். அது நோயைப் பற்றிய முடிவல்ல, மஜ்ஜையைப் பற்றிய முடிவு.

உடல் வெப்பம் 38 பாகையை எட்டினால், நடுக்கம் எடுத்தால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைக்க வேண்டும் அல்லது போக வேண்டும். பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்றிருப்பது காய்ச்சலை மறைக்கும், தொற்றை வளரவிடும். அழைக்க வேண்டிய எண்ணைப் புற்றுநோய்ப் பிரிவு முதல் நாளே எழுதித் தரும். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டலாம். அவசரத்துக்கு 111. புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலும் சொல்லியாக வேண்டும். அரிதாக நுரையீரல் அழற்சி வருவதுண்டு.

தோட்டத்துப் பழமும் அலமாரி மருந்தும்

பால்போசிக்லிப்பைக் கல்லீரலில் சிதைப்பது சிஒய்பி3ஏ என்ற நொதி. அதைத் தடுக்கும் பொருள் எதுவும் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின், இட்ரகோனசோல், கிரேப்ஃப்ரூட் பழம் ஆகியவை அப்படிப்பட்டவை. ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கடைகளில் மூலிகையாக விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆகியவை நேர்மாறாக மருந்தை வீணாக்கும்.

ஆக்லாந்தில் கிரேப்ஃப்ரூட் கடைச் சரக்கு மட்டுமல்ல. பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் 'புவர்மேன்' என்ற பெயரில் ஒரு கசப்புப் பழ மரம் நிற்கும். நியூசிலாந்து கிரேப்ஃப்ரூட் என்பதும் அதுவே. பக்கத்து வீட்டார் பை நிறையப் பறித்துத் தரும் இப்பழத்தை நம் வீடுகளில் ஊறுகாய் போடுவதும் உண்டு. மருந்து எடுக்கும் காலத்தில் இதையும் பம்ப்ளிமாஸையும் மார்மலேட் செய்யும் செவில் ஆரஞ்சையும் ஒதுக்கிவைப்பதே நல்லது. நார்த்தங்காய் ஊறுகாயைப் பற்றி மருந்தாளுநரிடம் பழத்தைக் காட்டிக் கேட்கலாம். சாம்பாரில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மஞ்சள் உறைமருந்து வேறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு அவ்வகை உறைமருந்து எடுத்தவருக்கு இரத்தம் ஆபத்தான அளவுக்கு உறையாமல் போனதை ஒட்டி நாட்டின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பான மெட்சேஃப் 2018இல் எச்சரிக்கை விடுத்தது. ஊரிலிருந்து வந்த லேகியமானாலும் சூரணமானாலும் புட்டியோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

ரிபோசிக்லிப் எடுப்பவருக்கு இன்னொரு கவனம் உண்டு. அது இதயத்துடிப்பின் மின் ஓட்டத்தை நீட்டக்கூடியது. அதனால் ஈசிஜி எடுக்கிறார்கள். வாந்திக்கு ஊரில் வாங்கி வந்த, அதே விளைவு உள்ள டோம்பெரிடோன் மாத்திரையை அதோடு சேர்ப்பது ஆபத்து.

நோயாளிக்குத் தெரிந்திருத்தல்

கீமோதெரபியில் நாளைக் கணக்கிடுவதும் காய்ச்சல் பார்ப்பதும் பெரும்பாலும் செவிலியர் வேலை. மாத்திரையில் அவ்வளவும் வீட்டுக்கு இடம் மாறுகிறது. நம் குடும்பங்களில் 'அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்' என்று நோயின் பெயரை மறைப்பது அன்பால் நடக்கிறது. தான் என்ன மருந்து விழுங்குகிறோம் என்று தெரியாத அம்மா, இரவு பத்து மணிக்கு வரும் காய்ச்சலை யாரிடமும் சொல்லமாட்டார். பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய மனம் வராது. இந்த ஒரு காரணமே உண்மையைச் சொல்லப் போதும். 1996 முதல் நடைமுறையில் உள்ள நியூசிலாந்து நோயாளர் உரிமை விதித்தொகுப்பு, முழு விவரம் பெறும் உரிமையையும், தேவையும் வாய்ப்பும் உள்ள இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையையும் தருகிறது. கிராஃப்டனில் உள்ள ஆக்லாந்து மருத்துவமனையாக இருந்தாலும் மிடில்மோராக இருந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். மகளோ பேரனோ மொழிபெயர்த்தால், சொல்லக் கடினமானதை அவர்கள் விழுங்கிவிடுவார்கள்.

பயணம்

வருகையாளர் விசாவில் வந்து தங்கும் பெற்றோருக்கு அரசுச் செலவில் மருந்து கிடையாது. அவர்கள் இந்தியாவிலிருந்தே கொண்டுவர வேண்டியிருக்கிறது. காப்புரிமை முடிந்த 2023 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் பொதுப்பெயர் மருந்துகள் வந்து விலை பெரிதும் இறங்கியிருக்கிறது. உறையா, மாத்திரையா என்று அட்டையில் பார்த்து, உறையானால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இங்கிருந்து சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர், மருந்தை அசல் அட்டையோடு, மருத்துவர் கடிதத்தோடு, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக்லாந்து நேரம் அங்குள்ள நேரத்தைவிடக் குளிர்காலத்தில் ஆறரை மணியும் கோடையில் ஏழரை மணியும் முந்தியது. வேளையை எப்படி நகர்த்துவது என்று மருந்தாளுநரிடம் புறப்படுமுன் கேட்கலாம். முடிந்தால் பயணத்தை ஏழு நாள் இடைவேளையில் வைத்து, அடுத்த சுற்றுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையை எங்கே செய்வது என்பதையும் முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும். மீந்த மாத்திரைகளைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் ஃபார்மசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.