மேடையைப் பிள்ளைகளிடம் கொடுத்த காலங்கள்



கடந்த மாசி மாதம், இந்த விழாவின் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்க நிர்வாகக் குழுவினர் கூடியிருந்தோம். அப்போது கல்லூரியில் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகள் வந்தார்கள். "அங்கிள், எங்களுக்கும் ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ. நாங்களே எழுதி ஒரு நாடகம் போடப்போறம்" என்று கேட்டார்கள். எங்களில் ஒருவர், "என்ன நாடகம்? முதல்ல எழுதிக் கொண்டுவந்து காட்டுங்கோ, பாப்பம்" என்றார். இன்னொருவர், "முதல்ல தமிழை ஒழுங்காய்க் கதைக்கப் பழகட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. நிகழ்ச்சி நிரல் நிரம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டோம். நானும் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தவன்தான்.

அன்றிரவு எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் ஈழத்து நாடகம் என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோமே, அது வளர்ந்த கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தேன். கோயில் வீதிகளிலும் கொட்டகைகளிலும் வளர்ந்த கலை அது. ஆயினும் கடந்த நூற்றாண்டில் அது புதுவழி திரும்பிய சில முக்கிய இடங்களில் மேடையில் நின்றவர்கள் படிக்கிற பிள்ளைகள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. பருத்தித்துறைப் பக்கம் புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அங்கு தமிழ் படிப்பித்தார். லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்தவர். சாசனம், மொழியியல் என்று பெரிய ஆராய்ச்சிகள் செய்தவர். அப்படிப்பட்டவர் மாணவர்கள் நடிப்பதற்கென்று நாடகங்கள் எழுதினார். அவற்றில் நான்கு 'நானாடகம்' என்ற பெயரில் 1940இல் நூலாக வந்தன. 'உடையார் மிடுக்கு' அவற்றில் ஒன்று.

மேடை என்றால் செந்தமிழ் என்றிருந்த காலம் அது. அவரோ யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை அப்படியே மேடையில் ஏற்றினார். ஊரில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கும் உடையாரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க வழிவிட்டார். 'தமிழை ஒழுங்காய்க் கதைக்கட்டும்' என்று அவர் காத்திருந்தால் அந்த நாடகங்கள் வந்தே இராது.

பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போன பிறகு அடுத்த திருப்பம் வந்தது. 1956 நவம்பரில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். தென்னிலங்கை 'நாடகம' என்ற பழைய ஆட்டமுறையை எடுத்துச் சிங்கள நாடகத்துக்குப் புதுமுகம் கொடுத்தார் அவர். அந்த நாடகமவுக்கும் எங்கள் தமிழ்க் கூத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. எங்கள் வீட்டுச் சொத்தின் பெறுமதியைப் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொண்ட மாதிரித்தான்.

அந்நாளில் படித்தவர்கள் மத்தியில் கூத்து என்றால் ஒரு இளக்காரம். விடிய விடிய ஊரில் ஆடுகிற ஆட்டம், பல்கலைக்கழகத்துக்கு அது என்னத்துக்கு என்று நினைத்தார்கள். கணபதிப்பிள்ளையின் மாணவரும், அவரின் நாடகங்களை மேடையேற்றியவருமான சு. வித்தியானந்தன் அந்த எண்ணத்தை மாற்ற முனைந்தார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர்கள் காலில் தாளக்கட்டோடு வந்திருந்தார்கள். அவர்களையே முன்னுக்கு விட்டார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்துப் பழக்குவித்தார்.

1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' என்று அடுத்தடுத்து மேடையேறின. வட்டக்களரியில் நாலாபக்கமும் சனம் சூழ்ந்திருக்க இரவு முழுக்க ஆடிய கூத்து, ஒருபக்கம் பார்த்த மேடையில் ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருங்கியது. 'இராவணேசன்' பிரதியை எழுதியதும் இராவணனாக ஆடியதும் மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. எங்கள் சங்கத்தில் அந்த வயதுப் பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கிற வேலை கதிரை அடுக்குகிறது.

குறையும் சொன்னார்கள். சுருக்கியதால் கூத்தின் ஊர்த்தன்மை கெட்டது, களரியின் உயிர் போனது என்று பின்வந்தவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வாதத்தைப் பேசவும் கூத்தை மதித்துப் படிக்கவும் ஒரு தலைமுறை உருவானது. அந்த மாணவர் மௌனகுரு பிறகு பேராசிரியராகிக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ மாணவரை ஆட வைத்தார். 'இராவணேசன்' புதிய பிள்ளைகளோடு மட்டக்களப்பில் மறுபடியும் ஆடப்பட்டது.

மூன்றாவது கதை யாழ்ப்பாணத்தில். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் முன்னின்று நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985இல் அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைக் க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடினார்கள். எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாத காலம். அந்த நேரத்திலும் பிள்ளைகள் ஊர் ஊராகப் போனார்கள். நானும் பார்த்தேன். பாட்டும் கவிதையும் அசைவுமாக எங்கள் கதையை எங்கள் முன்னாலேயே வைத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தது இன்னும் நினைவில் நிற்கிறது. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லப் பயந்ததை அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள்.

பிள்ளைகள் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துப்போன பெற்றோரைப் பற்றிய 'எந்தையும் தாயும்' நாடகத்தை எழுதியவரும் அதே சண்முகலிங்கம்தான். எங்கள் தாய் தகப்பனின் கதையை அவர் எழுதிவிட்டார். இங்கே வளரும் பிள்ளைகளின் கதையை யார் எழுதுவது? வீட்டுக்குள் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி, அப்பாவின் அகதி விண்ணப்பத்துக்குச் சின்ன வயதிலேயே மொழிபெயர்ப்பாளராக இருந்த அனுபவம், ஒருநாளும் பார்க்காத ஊருக்காக அம்மா அழும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது. இவை எங்களுக்குத் தெரியாத கதைகள். அவர்கள் சொன்னால்தான் உண்டு.

புலம்பெயர்ந்த நாட்டு மேடையிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. கட்டுபெத்தை வளாகத்தில் பொறியியல் படித்த காலத்திலேயே நாடகத்தில் இறங்கியவர் க. பாலேந்திரா. 1978இல் உருவான அவைக்காற்று கலைக் கழகத்தை அவரும் நண்பர்களும் லண்டனிலும் தொடர்ந்து நடத்தினார்கள். படிக்கிற வயதில் பிடித்த விளக்கு கடல் தாண்டியும் அணையவில்லை.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. பெரியவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. ஒருவர் எழுதிக் கொடுத்தார், ஒருவர் அண்ணாவியாரைக் கூட்டி வந்தார், ஒருவர் நெறிப்படுத்தினார். ஆனால் பிள்ளைகளை நம்பினார்கள். அவர்களின் பேச்சையும், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டத்தையும், அவர்களின் கோபத்தையும் மேடைக்கு உரியதாக மதித்தார்கள்.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கும் பெற்றோருக்கும் என் பணிவான வேண்டுகோள் இது. வருகிற வாணி விழாவில் அரை மணித்தியாலத்தைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று இப்போதே ஒதுக்குவோம். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடிந்த பிறகு மண்டபத்தை ஒத்திகைக்குத் திறந்து விடுவோம். மத்தளம் தெரிந்தவர்கள், கூத்து ஆடியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் போய்ச் சொல்லிக் கொடுப்போம். எழுதினதை முதலில் காட்டு என்று கேட்காமல் இருப்போம். இரண்டு மொழியும் கலந்து வந்தாலும், எங்களைப் பார்த்தே சிரித்தாலும், முன்வரிசையில் இருந்து கடைசிவரை பார்ப்போம்.

மாசி மாதம் வந்து திரும்பிப் போன பிள்ளைகளே, அன்று பேசாமல் இருந்ததற்கு மன்னியுங்கோ. உங்கள் நாடகத்தோடு திரும்பி வாருங்கோ. அடுத்த கூட்டத்தில் உங்களுக்காக நான் பேசுவேன்.