பெரட்டுக் களத்திலிருந்து பர்மா போர்முனை வரை: பெயர் பதியப்படாத தோட்டத்துச் சிப்பாய்

நேதாஜி சுபாஷ் சந்திரபோசின் படம் மாட்டியிருந்த வீடுகள் நம் தோட்டங்களில் ஏராளம். ஆனால், அவருடைய அழைப்பைக் கேட்டு, காண்டா வாளியை இறக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தப் போன சாதாரணத் தொழிலாளியின் கதை பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. இந்திய தேசிய இராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்த மலாயா பொதுமக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 18,000 என்பது வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படும் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தத் தமிழர்களிலும் பலர் தோட்டப் பாட்டாளிகள்.

சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

இந்தச் சிப்பாயின் கதை ஜப்பானியர் வருகைக்கு முன்பே தொடங்குகிறது. 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதனும் தொழிலாளர்களுக்குத் துணை நின்றனர்.

சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான பள்ளி வேண்டும், பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் கோலசிலாங்கூர் உள்ளிட்ட சிலாங்கூரின் பிற வட்டாரங்களுக்கும் பரவியது. மே மாதத்தில் இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஏழே மாதங்களில் போர் வந்தது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார் தோட்டத்தை விட்டு ஓடியதைத் தொழிலாளர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

சயாமா, சிப்பாயா?

ஜப்பானியர் ஆட்சியில் ரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கே சாப்பாடானது. கையில் இருந்தது மதிப்பிழந்துகொண்டே போன வாழைமர நோட்டு. அதோடு 415 கிலோமீட்டர் நீள சயாம்-பர்மா ரயில்பாதைக்கு ஆள் பிடிப்பதும் தொடங்கியது. மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் அந்த வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன.

1943 ஜூலை 2-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 5-இல் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அதுவரை போர்க்கைதிகளான இந்திய வீரர்களை நம்பியிருந்த ஐஎன்ஏ, அதன்பின் பொதுமக்களுக்கும் வாசலை அகலத் திறந்தது.

தோட்டத் தொழிலாளி ஏன் சேர்ந்தான் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நாட்டுப்பற்றால் சேர்ந்தவர் உண்டு. சயாமுக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று அஞ்சிச் சேர்ந்தவரும் உண்டு. இதை வரலாற்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவரும் இருந்திருப்பார். தங்கள் மக்களைத் தண்டவாளத்தில் சாகடித்த ஜப்பானியருக்கே கூட்டாளியான படையில் சேர வேண்டிய நிலைமையும் அவர்களுடையதுதான். இந்த முரணை மறைத்துவிட்டு அவர்கள் கதையைச் சொல்ல முடியாது.

படைமுகாமில்

தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்குப் 'பெரட்டு' என்று பெயர். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. தண்டலுக்கு முன் பெரட்டுக்கு நின்று பழகியவர், இப்போது சிரம்பான் போன்ற ஊர்களின் பயிற்சி முகாம்களில் உண்மையான அணிவகுப்பில் நின்றார்.

கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்தன. தமிழர்களுக்கு அது புது மொழி. மதமும் சாதியும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. ஒருவரை ஒருவர் 'ஜெய் ஹிந்த்' என்று வணங்கினர். வடஇந்தியாவின் சில சமூகங்களையே 'போர்க்குடிகள்' என்று கருதிய பிரிட்டிஷார், தமிழரைப் படைக்கு ஏற்றவராகப் பெரிதாக மதித்ததில்லை. அந்தக் கணிப்பைத் தோட்டத்துப் பிள்ளைகள் பொய்யாக்கினார்கள்.

பெண்களும் பின்தங்கவில்லை. கேப்டன் லட்சுமி தலைமையிலான ஜான்சிராணி படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் அப்படையில் அதிகாரியாக உயர்ந்தார். அதே படையில் பணியாற்றிய செந்தூல் அஞ்சலை பொன்னுசாமி 2022-இல், 102-ஆம் வயதில் காலமானார்.

போரும் திரும்புதலும்

மலாயாவில் சேர்ந்த எல்லாரும் போர்முனையைப் பார்க்கவில்லை. பலர் கடைசிவரை மலாயாவிலேயே நிறுத்தப்பட்டிருந்தனர். பர்மா சென்றவர்கள், இம்பால் படையெடுப்பு 1944-இல் முறிந்த பிறகான மிகக் கடினமான காலத்தைச் சந்தித்தனர். 1945 பிப்ரவரியில் பகான் அருகே ஐராவதி ஆற்றைக் கடக்க முயன்ற பிரிட்டிஷ் படையை எதிர்கொண்ட நேரு பிரிகேடில் மலாயாத் தமிழர்களும் இருந்தனர். வானில் விமானப் பாதுகாப்பு இல்லை, பீரங்கியும் இல்லை. அவர்களால் நிலைத்து நிற்க முடியவில்லை.

போர் முடிந்ததும் உயிரோடு இருந்தவர்கள் பழைய லயத்துக்கே திரும்பினர். ஆனால் திரும்பி வந்தவர் பழைய ஆள் அல்லர். 1946-47-இல் கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படையில் ஐஎன்ஏவின் கட்டுப்பாடும் அணிவகுப்பும் தெரிந்தன. ம.இ.கா.வின் முதல் தலைவர் ஜான் திவி, 1949-இல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி ஆகியோரும் அந்த இயக்கத்தின் வழி வந்தவர்களே.

ஆஸ்திரேலியச் சிப்பாயும் தமிழ்ச் சிப்பாயும்

1942 ஜனவரியில் கிம்மாஸ் அருகே ஜப்பானியரை எதிர்த்த ஒரு சாதாரண ஆஸ்திரேலியச் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். அவர் படையில் சேர்ந்த நாள், வயது, தொழில், நெருங்கிய உறவினர் பெயர் என எல்லாம் கொண்ட கோப்பு ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. போரில் இறந்திருந்தால் கான்பராவில் உள்ள போர் நினைவகத்தின் வெண்கலப் பலகையில் அவர் பெயர் உண்டு. அங்கே பெயர்களுக்கு முன் பதவி குறிப்பிடுவதில்லை. தளபதியும் சிப்பாயும் ஒன்றாகவே இருக்கிறார்கள். சயாம் ரயில்பாதையில் இறந்தவர் என்றால், காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர் பொறித்த பலகையைக் காணலாம்.

தோட்டத்துச் சிப்பாய்க்கு அப்படியொரு பலகை இல்லை. ஐஎன்ஏவின் பெயர் தெரியாத வீரர்களுக்காக நேதாஜி 1945 ஜூலை 8-இல் சிங்கப்பூரில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும், திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினர். அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் நிறுவப்பட 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டில் தேட வேண்டியவை

சுங்கை பஞ்சாங் முதல் பெஸ்தாரி ஜெயா வரை, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டார்கள். தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயரே மறந்து போகும் காலம் இது. எனவே குடும்பங்கள் இப்போதே குறித்து வைக்க வேண்டியவை சில உண்டு: சிப்பாயின் பெயர், தந்தை பெயர், தோட்டம், சேர்ந்த ஆண்டு, பயிற்சி பெற்ற முகாம், பர்மா சென்றாரா இல்லையா, திரும்பி வந்தாரா, அவரோடு போன மற்றவர்கள் யார்.

பெட்டியடியில் கிடக்கும் காக்கிச் சீருடைப் படம், பழைய சான்றிதழ், கடிதம் ஆகியவற்றைப் படியெடுத்து வைக்க வேண்டும். வயதான அத்தையோ பெரியப்பாவோ சொல்லும் நினைவுகளைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். சிங்கப்பூரில் 1979 முதல் இயங்கும் வாய்மொழி வரலாற்று மையம், ஜப்பானியர் காலத்தில் வாழ்ந்தவர்களின் நினைவுகளை இப்படித்தான் சேர்த்தது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்க மறுத்த ஒரு மனிதருக்கு, அவருடைய பேரப்பிள்ளைகள் எழுப்பக்கூடிய முதல் நினைவுக்கல் அதுதான்.