கண்மாய்த் திட்டத்தில் யாருடைய கையொப்பம்?

ஏரி, ஓடை, சதுப்பு நிலம், மேய்ச்சல் தரை, மரத்தோப்பு ஆகியவற்றைக் கொண்டே வெள்ளத்தையும் வறட்சியையும் வெப்பத்தையும் எதிர்கொள்வதைப் 'பசுமைக் கட்டமைப்பு' என்கின்றனர். பெயர்தான் புதிது. தென்மாவட்டங்களில் கண்மாயும் ஊருணியும் பல நூற்றாண்டுகளாக இப்பணியைச் செய்து வருகின்றன. இத்தகைய திட்டங்களை ஊர்மக்களே வகுத்துக்கொள்ள உதவும் தொண்டு நிறுவனங்கள் இன்று பெருகியுள்ளன. அவற்றோடு கைகோக்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியது, 'ஊர்மக்கள்' என்ற சொல்லுக்குள் சேரி அடங்குகிறதா என்பதே.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே பளியர் பழங்குடியினர் வாழ்கின்றனர். 1988-இல் இம்மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் இணைத்துத் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். இம்மலையில் பெய்யும் மழைதான் ஓடைகளாக இறங்கி அடிவாரக் கண்மாய்களை நிரப்புகிறது. ஆகவே காடும் கண்மாயும் ஒரே கட்டமைப்பின் இரு முனைகள். ஆனால் இரண்டுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு.

மேல் முனையில் வலுவான சட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(i)-இன் வழியே, மரபாகப் பேணிவரும் சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை அளிக்கிறது. புலிகள் காப்பகத்துக்கும் இச்சட்டம் பொருந்தும். உரிமைகளை அங்கீகரித்துச் சரிபார்க்கும் பணி முடியும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5). நீதிமன்றத் தடையால் தமிழகத்தில் பல ஆண்டுகள் பட்டா வழங்கல் முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. எனவே காட்டையொட்டிய ஊரில் ஒரு நிறுவனம் 'சூழல் திட்டம்' வகுக்க வந்தால், நாற்று நடுவதற்கு முன் சமூக வன உரிமை கோரும் விண்ணப்பத்தை நிரப்ப அது உதவுகிறதா என்று பாருங்கள். அந்த உரிமை கைக்கு வராத நிலையில் நடப்படும் மரம் வனத்துறையின் மரம். அதைக் காக்கும் பளியர் தினக்கூலி.

கீழ் முனையான கண்மாய்களின் நிலை இதனினும் சிக்கலானது. இத்துறையில் தமிழகத்தின் குறிப்பிடத்தக்க முன்னோடி மதுரையின் தானம் அறக்கட்டளை. 1992-இல் பிரதான் அமைப்பின் கீழ்த் தொடங்கி, 1997-இல் தனி நிறுவனமாக உருவெடுத்த அது, கண்மாய்ப் பாசன விவசாயிகளை 'வயலகம்' என்னும் சங்கங்களாகத் திரட்டி, மக்கள் பங்களிப்போடு வரத்துக்கால், மடை, கழுங்கு ஆகியவற்றைச் சீரமைத்து வருகிறது. அரசுப் பொறியாளர் போடும் மதிப்பீட்டை ஊர் ஏற்றுக்கொள்வதற்கும், ஊரே மதிப்பீட்டைத் தயாரிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இதைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

எனினும், இவ்வகைச் சங்கம் எதுவாயினும், ஆயக்கட்டில் நிலம் உள்ளவரை மையமாக்கும்போது ஒரு பழைய கோடு மீண்டும் வரையப்படுகிறது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000 வாக்குரிமையை நில உடைமையோடு பிணைக்கிறது. தலைமுறை தலைமுறையாக மடை திறந்து, வயல்தோறும் நீர் பகிர்ந்த நீர்க்கட்டிகளுள் பலர் தலித்துகள். கண்மாயின் ஓட்டத்தை அவர்கள் அறிந்த அளவுக்கு வரைபடம் அறியாது. ஆயினும் நிலமில்லாததால் திட்டக் கூட்டத்தில் அவர்கள் பார்வையாளர்கள். கண்மாய் தருவது பாசன நீர் மட்டுமன்று: மீன்பாசி ஏலம், கருவேல மர ஏலம், வண்டல், விறகு, ஆடு மேய்ச்சல் எல்லாம் உண்டு. இந்த வருவாய் எங்கே செல்கிறது என்று கேட்டால்தான் ஊரின் சாதி அமைப்பு தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பட்டியல் சாதித் தலைவரைத் தேர்ந்தெடுக்க விடாமல் தடுத்ததை நினைவில் கொள்க. அது மரியாதையைப் பற்றிய பிடிவாதம் மட்டும் என்று நான் கருதவில்லை. பொதுச் சொத்தின் சாவி யாரிடம் இருப்பது என்பதும் அதில் அடக்கம்.

மற்றோர் ஆபத்து, மீட்பின் பெயரால் நிகழும் வெளியேற்றம். சென்னையில் கூவம், அடையாறு கரைகளைச் சீரமைப்பதாகக் கூறி அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அக்குடியிருப்பு எழுப்பப்பட்டதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில். அச்சதுப்பு 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது! ஒரு நீர்நிலையைக் காப்பதற்காக இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் மக்களைக் குடியேற்றுவதைத் திட்டமிடல் என்று எவ்வாறு அழைப்பது? கிராமங்களிலும் நீர்நிலைப் புறம்போக்கில் வீடு கட்டியிருப்போர் பெரும்பாலும் வேறிடம் தரப்படாத நிலமற்றவர்களே. ஆக்கிரமிப்பு அகற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கும் நிறுவனம், மாற்று மனையையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

சட்டம் நம் பக்கம் உள்ள இடங்களையும் சொல்லியாக வேண்டும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அருந்தினார். அதையொட்டி எழுந்த வழக்கில் 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் தரப்புக்கே தீர்ப்பளித்தது; ஆனால் விலக்கிவைக்கும் வழக்கம் தொன்மையானது என்று எதிர்த்தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாக அமைந்தது. இன்று நாம் வழக்கத்தின் தயவில் இல்லை. அரசமைப்பின் பிரிவு 15(2) பொதுக் குளம், கிணறு ஆகியவற்றில் சாதித் தடையை விலக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(za), 2015 திருத்தத்துக்குப் பின், பொது வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. மீன்பாசி ஏலத்தில் சேரியினர் கலந்துகொள்ள முடியாதவாறு தடுக்கப்பட்டால், இப்பிரிவை முன்வைத்துப் புகார் அளிப்பது குறித்துச் சிந்திக்கலாம்.

ஆகவே ஆதரவு என்பது நன்கொடையோடு முடிவதன்று. கள வரைபடம் தயாரிக்கும் நாளில் உடன் செல்லுங்கள். சேரியின் சுடுகாட்டுப் பாதையும் ஊருணியும் அதில் குறிக்கப்பட்டனவா என்று பாருங்கள். பணமாகப் பங்களிப்புக் கோரப்படும் ஊரில் நிலமற்றவரின் உழைப்பு எந்தக் கணக்கில் வைக்கப்படுகிறது என்று கேளுங்கள். ஏலத் தொகைப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கோருங்கள். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது; 2022-இல் சேர்க்கப்பட்ட மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம் கண்மாய் பற்றிப் பேசுவதற்கென்றே வாய்த்தது. தீர்மானத்தின் நகலில் சேரியிலிருந்து எத்தனைக் கையொப்பங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்த பிறகு, நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கலாம்.