வில்லும் கப்பியும்

ஒரு வில் எந்தக் கட்டத்தில் வில்லாக இல்லாமல் போகிறது? அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஏறக்குறைய அறுபது வருஷங்களாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சச்சரவிட்டு வருகிறார்கள். மரத்தை வளைத்து நாண் கட்டினால் அது வில். அதில் கப்பி பொருத்தினால்? குறி பார்க்க ஒரு கருவி வைத்தால்? இழுத்த நாணை விரலுக்குப் பதிலாக ஒரு கொக்கி பிடித்துக்கொண்டால்?

நான் வேட்டைக்காரன் அல்ல. கதைகளில் வில்லாளிகளை உலவ விட்டதோடு சரி. காகிதத்தில் வில்லை வளைப்பவனுக்குத் தோள் வலிப்பதில்லை. நம் நாட்டிலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது பெரும்பாலும் பழங்கதைதான். இருந்தாலும் இந்தச் சண்டையின் வேரைத் தேடிக்கொண்டு போனால் அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். அவரைத் தெரிந்துகொள்வதற்காகவாவது இந்தச் சண்டையைக் கேட்கலாம்.

1911 ஆகஸ்டு 29-ஆம் தேதி, கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே, பசியால் மெலிந்த செவ்விந்தியர் ஒருவர் அகப்பட்டார். யாஹி என்ற சிறு கூட்டத்தில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. தங்கம் தேடி வந்த வெள்ளையர்கள் அந்தக் கூட்டத்தைச் சுட்டும் விரட்டியும் அழித்துவிட்டார்கள். மானிடவியல் பேராசிரியர் ஆல்பிரட் குரோபர் அவரை ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்த பொருட்காட்சி சாலைக்கு அழைத்து வந்தார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது அந்தக் கூட்டத்தில் வழக்கமில்லை. ஆகவே குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர்கள் பாஷையில் அதற்கு 'மனிதன்' என்று பொருள். பின்னாளில் குரோபரின் மனைவி தியோடோரா எழுதி 1961-ல் வெளியிட்ட நூல்தான் இஷியை உலகறியச் செய்தது. நாவல் வாசகர்களுக்கு இன்னொரு தகவல்: உர்ஸுலா லெ குவின் இந்தத் தம்பதியரின் புதல்வி.

பொருட்காட்சி சாலையை அடுத்திருந்த மருத்துவக் கல்லூரியில் டாக்டர் போப் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். போப் என்றதும் நமக்குத் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் ஞாபகம் வரும். இவர் வேறு, ஸாக்ஸ்டன் போப். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்த இந்த டாக்டர் அவரிடம் வில் வித்தைக்குச் சீடராகிவிட்டார்!

இஷியின் வில் குட்டையானது. பிரமாத பலமுள்ளதும் அல்ல. மரத்தின் முதுகில் மிருகத்தின் நரம்பை ஒட்டிச் செய்தது. அவருடைய பலமெல்லாம் பொறுமையில் இருந்தது. வேட்டைக்கு முன் மீன் உண்ண மாட்டார். புகை பிடிக்க மாட்டார். விடியற்காலையில் ஓடையில் நீராடி, வாசனை இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். பிறகு மிருகத்தின் வெகு அருகில் சென்றுதான் அம்பை விடுவார். இவ்வளவையும் போப் குறித்து வைத்தார். இஷி காசநோயால் 1916 மார்ச்சில் காலமானார்.

சீடர் குருவின் வில்லோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேயப் பாணியில் பலமான நெடுவில் செய்துகொண்டார். எஃகு முனை பொருத்தினார். 1920-ல் ஆர்தர் யங் என்ற நண்பரோடு யெல்லோஸ்டோன் காட்டுக்குப் போய்க் கரடிகளையே அம்பால் வீழ்த்தினார். 1923-ல் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துப் பலர் வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

1934-ல் விஸ்கான்ஸின் மாகாணம் வில்லுக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவத்தை வகுத்தது. பிற மாகாணங்களும் பின்பற்றின. இதில் ஓர் ஒப்பந்தம் மறைந்திருந்தது. 'உன் ஆயுதம் பலவீனமானது. ஆகையால் துப்பாக்கிக்காரனுக்குக் கொடுப்பதைவிட அதிக நாள் உனக்குக் கொடுக்கிறோம்' என்பதே அது. அதே மாகாணத்தில் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்டு தாமே வில் செய்து வேட்டையாடியவர். அவர் மறைந்தபின் 1949-ல் வெளியான நூலில், கடைச்சரக்கான கருவிகள் வேட்டையின் அறத்தை அரித்துவிடும் என்று எச்சரித்திருந்தார்.

1966-ல் மிஸௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் ஆலன் வில்லின் இரு முனைகளிலும் கப்பிகளைப் பொருத்தி, புது வில் ஒன்றுக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். 1969-ல் உரிமை கிடைத்தது. சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பளு ஏறும். முழுக்க இழுத்த நிலையில்தான் கை மிகவும் நடுங்கும். ஆலனின் வில்லில் பளு ஏறி, கடைசியில் சட்டென்று குறைந்துவிடும். 60 ராத்தல் வில்லில் நூற்றுக்கு 80 பங்கு குறைந்தால் கையில் நிற்பது 12 ராத்தல்தான். ஒரு சிறுவன் கூட நிதானமாகக் குறி பார்க்கலாம்.

போப்பையும் யங்கையும் சிறப்பித்து 1961-ல் ஆரம்பித்த சங்கம் ஒன்று வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்து வந்தது. பளு எவ்வளவு குறையலாம் என்று அது வரம்பு கட்டியது. நூற்றுக்கு 65 வரை சம்மதம் என்றது. அதற்கு மேற்பட்ட வில்களே கடைகளை நிறைத்தபோது 2004-லிருந்து அவற்றையும் ஏற்று, பதிவில் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டது. மனச்சாட்சி தோற்றுப்போன இடத்தில் அச்சுக்கூடம் துணைக்கு வந்தது! 2014-ல் விஸ்கான்ஸின், விசை தட்டினால் அம்பு பாயும் குறுக்கு வில்லையும் எல்லோருக்கும் அனுமதித்தது.

நவீனக் கட்சியினரின் வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. குறி தப்பினால் காயம்பட்ட மிருகம் புதரில் கிடந்து சாகிறது. நல்ல கருவி அந்தப் பாவத்தைக் குறைக்கும் என்கிறார்கள். தோள் தளர்ந்த முதியவருக்கும் ஊனமுற்றவருக்கும் குறுக்கு வில் ஒரு வரப்பிரசாதம் என்பதும் உண்மை.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகமான கப்பி வில்லின் அம்பு விநாடிக்குச் சுமார் 300 அடி பாயும். 50 கெஜ தூரத்தைக் கடக்க அதற்கு அரை விநாடி வேண்டும். நாணின் ஒலியோ விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்வது. அம்புக்கு வெகு முன்னால் மானின் காதை எட்டிவிடும். மான் திடுக்கிட்டு உடலைத் தாழ்த்துகிறது. நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் பாய்கிறது. இதைத் திருத்த எந்தக் கப்பியாலும் முடியாது. அந்தக் கருவியை 20 கெஜத்திலேயே பிரயோகித்தால் அது கருணைதான். தூரத்தில் எய்ய முடியும் என்று தெரிந்த பிறகு 20 கெஜத்துக்குத் தவழ்ந்து போகிறவர்கள் எத்தனை பேர்?

அப்படியானால் பழமைக் கட்சிதான் சரியா? அவர்கள் ஆதிகுருவாகக் கொண்டாடும் இஷியின் அம்பறாத்தூணியைக் கொஞ்சம் பாருங்கள். அவருடைய முன்னோர் அம்பு முனைகளை எரிமலைக் கல்லில் செதுக்கினார்கள். இஷியோ வெள்ளைக்காரன் குடித்தெறிந்த பாட்டிலின் கண்ணாடியிலும் செதுக்கினார். தம் இனத்தை அழித்தவர்களின் குப்பையிலிருந்து நல்லதைப் பொறுக்கிக்கொள்ள அவர் கூசவில்லை. புதியது என்பதற்காக அவர் எதையும் ஒதுக்கவில்லை.

என் அபிப்பிராயத்தில் அளவுகோல் இங்கேதான் இருக்கிறது. பாட்டில் கண்ணாடி அம்பைக் கூர்மையாக்கியது. மிருகத்தின் வேதனையைச் சுருக்கியது. இஷி தவழ வேண்டிய தூரத்தில் ஓர் அடியைக்கூட அது குறைக்கவில்லை. சாவை விரைவாக்கும் கருவி வில்லுக்குச் சொந்தம். மனிதனைத் தள்ளி நிற்க வைக்கும் கருவி துப்பாக்கிக்குச் சொந்தம். அதை விரும்புகிறவர்கள் துப்பாக்கிப் பருவத்திலேயே காட்டுக்குப் போகலாம். அதிக நாட்களைக் கேட்பது நியாயமில்லை.