சேர்வராயன் மலையடிவாரத்தில் கிறுக்கு வரகு

சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலையில், மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் 1820களில் அறிமுகப்படுத்திய காப்பி ஏற்காட்டைச் சுற்றிப் பரவிய பின்னரும், காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியதாகத் தம் மரபுக்கதையில் கூறும் மலையாளிப் பழங்குடியினர் கேழ்வரகு, சாமை, தினை ஆகியவற்றையே பெரிதும் உண்டு வாழ்ந்தனர். வரகோ சேலம், ஆத்தூர்ப் பக்கத்து மானாவாரிப் புன்செய்களுக்கு உரிய பயிராக இருந்தது. மெலிந்த மண்ணிலும் விளைந்து, உமியோடு பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும் இத்தானியம், 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்ட மாவட்டத்தில் எளிதில் கைவிடக்கூடியதன்று.

ஆயினும் சில ஆண்டுகளில் அதை உண்டவர்களுக்குத் தலைச்சுற்றல், வாந்தி, நடுக்கம், நீண்ட மயக்கம் ஆகியவை ஏற்பட்டன. அத்தகைய தானியம் தமிழகத்தில் கிறுக்கு வரகு எனப்பட்டது. நெல்வயல்களில் களையாக முளைத்து, முற்றியதும் தானே உதிர்ந்துவிடும் காட்டு வரகும் பயிர் வரகும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கருவரகு, சிறுவரகு, பெருவரகு எனப் பிரித்தறியப்பட்ட வகைகளும் ஒரே வயலில் கலந்து நின்றன. எனவே மயக்கத்துக்குக் காரணம் ஏதோ ஒரு கெட்ட புல்வகையே என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. மேற்காசியக் கோதுமை வயல்களில் கோதுமையைப் போலவே தோன்றி, உண்டவரை மயக்கிய லோலியம் என்னும் களைப்புல்லும் நெடுங்காலம் இவ்வாறே பழிக்கப்பட்டது. 1898இல் அதன் விதைக்குள் ஒரு பூஞ்சை வாழ்வது கண்டறியப்பட்ட பின்னரே ஐயம் புல்லிலிருந்து பூஞ்சையின்பால் திரும்பியது.

வரகின் செய்தி தெளிவுபட மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், ஆஸ்பர்ஜில்லஸ் டமாரி என்னும் பூஞ்சைகள் ஈரம்பட்ட கதிரில் வளர்ந்து, நரம்புகளையும் ஈரலையும் தாக்கும் சைக்ளோபியாசோனிக் அமிலத்தைச் சுரக்கின்றன என்பதை ராவ், ஹுசைன் ஆகியோர் 1985இல் வெளியிட்டனர். ஆடி, ஆவணியில் விதைத்த வரகு முற்றும் வேளையில் வடகிழக்குப் பருவமழை நீடிக்குமாயின், கெடுதலுக்கு வேறு வித்து வேண்டியதில்லை. ஆகவே களையெடுப்பும் விதைத் தேர்வும் விளைச்சலைக் காத்தனவேயன்றி நஞ்சைத் தடுக்கப் போதுமானவையாக இல்லை. மழை விட்டபின் அறுப்பதும், கதிரை நன்கு உலர்த்துவதும், கறுத்த மணிகளை நீக்குவதுமே பயனளித்தன. நஞ்சுண்டவர்க்கு வாழைத்தண்டுச் சாறும் கொய்யாச் சாறும் கொடுக்கும் வழக்கம் பற்றிய குறிப்புகள் உண்டெனினும், அவை நஞ்சை முறிக்கும் என்று கொள்வதற்கில்லை.

விலங்குகளும் இதற்கு இரையாயின. 1933 டிசம்பரில், இன்றைய தேனி மாவட்டத்து வண்ணாத்திப்பாறைக் காப்புக்காட்டில் 14 யானைகள் மடிந்ததற்கு வரகே காரணமென இயற்கையியலாளர் ஆர். சி. மாரிஸ் எழுதினார். மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 2024 அக்டோபர் இறுதியில் வரகு மேய்ந்தபின் இறந்த 10 யானைகளின் உள்ளுறுப்புகளிலும் சைக்ளோபியாசோனிக் அமிலம் கண்டறியப்பட்டது.